வெயில்ல கொக்கு எடுக்கற லென்ஸு

எங்கள் டவுன்ஷிப்பில் கேமரா வைத்திருக்கும் ஆண்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். நானும் அவர்களில் ஒருவன் என்பதால் அந்த எரிச்சலுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறேழு பேர் பூங்காவுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் கூடுவோம். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப் பேர் ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்கள். டீ வருவதற்குள் பைகள் திறந்து லென்ஸ்கள் வெளியே வந்துவிடும். யாருடையது நீளம், யாருடையது கனம், யாருக்கு மகன் அமெரிக்காவிலிருந்து எதைக் கொண்டுவந்து கொடுத்தான் என்பதே பேச்சு. எடுத்த படத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. படங்களும் இரண்டே வகைதான். ஒன்று மீன்கொத்தி. இன்னொன்று நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டும் பக்கெட் வீல் எந்திரத்துக்குப் பின்னால் சூரியன் மறைவது. இவர்கள் எடுத்த அளவுக்கு அந்தச் சூரியனே மறைந்திருக்காது.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவர் உண்டு. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் தலைவர். அலுவலகத்தில் கோப்புகளில் கையெழுத்துப் போட்ட அதே முகத்தோடு எங்கள் படங்களைப் பார்ப்பார். படத்தில் புள்ளி தெரிந்தால் "நாய்ஸ் இருக்கு," என்பார். அல்லது, "ஷார்ப்பா இல்ல." வேறு எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அனல்மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். கொதிகலனின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் காட்டும் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. ஒரு மீட்டர் தப்பாகக் காட்டினால் மீட்டரை மாற்றுவதற்கு முன்னால் வயரைப் பார்க்க வேண்டும், வயருக்கு முன்னால் இணைப்பைப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக இதைச் செய்கிறவன், கேமரா விஷயத்தில் மட்டும் எப்படி அவ்வளவு முட்டாளாக இருந்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

என் நண்பன் ஒருவன் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஆபரேட்டர். வளையமாதேவிக்குப் பக்கத்து ஊர்க்காரன். என்னைவிட இரண்டு வயது சிறியவன், நாற்பத்தெட்டு. மாடி வீட்டு உயரத்தில் ஒரு கேபினில் உட்கார்ந்து மலை போன்ற எந்திரத்தை ஓட்டுகிறவன். தொப்பை உண்டு, முன்மண்டையில் முடி கிடையாது. அவன் ஒருநாள் கேன்டீனில் தோசையைப் பிய்த்துக்கொண்டே என்னிடம், "அண்ணே, நான் பரதநாட்டியம் கத்துக்கினு இருக்கேன்," என்றான்.

நான் சிரித்தேன். சிரித்தேன் என்றால் புன்னகை இல்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. அவர்களிடமும் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். சலங்கை அளவுக்குக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். மேடைக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். அவன் தோசையைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து, மறுபடியும் என் எதிரில் உட்கார்ந்தான்.

"சிரிச்சாச்சாண்ணே," என்றான். "சரி. கேளு."

அவன் மகள் ஆறு வருடம் டவுன்ஷிப்பில் நாங்கள் குடியிருக்கும் வட்டத்தில் ஒரு டீச்சரிடம் நடனம் கற்றாள். வாரத்தில் இரண்டு நாள் மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வகுப்பு முடியும் வரை வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பான். ஜன்னல் வழியாகத் தட்டுக்கழி சத்தம் வரும். சொற்கட்டு வரும். கேட்டுக் கேட்டு அவனுக்கு எல்லாமே மனப்பாடம். பக்கெட் வீல் கேபினில் உட்கார்ந்து, பெடலில் வைக்காத காலால் தாளம் போட்டிருக்கிறான். மகள் கல்லூரிக்குப் போனதும் நடனத்தை விட்டுவிட்டாள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பழக்க தோஷத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான். டீச்சர் வெளியே வந்து, "பொண்ணு வரலியா," என்று கேட்டார். "அது வராதுங்க. நான் வரலாமாங்க," என்று கேட்டுவிட்டான்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"செருப்ப கழட்டிட்டு வாங்கன்னாங்க."

இதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்று வருடம் யாருக்கும் சொல்லாமல் இருந்தவன், அந்த வருடம் நவராத்திரிக்குக் கோயிலில் இரண்டு உருப்படி ஆட டீச்சர் பெயர் கொடுத்துவிட்டதால் வேறு வழியில்லாமல் சொன்னான். என்னிடம் அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று.

"உங்கிட்ட கேமரா இருக்குதுல்ல. நாலு போட்டோ எடுத்துக் குடு. எப்படி ஆடறேன்னு எனக்குத் தெரியல. கண்ணாடியில பாத்தா நின்னுடறேன்."

சரி என்றேன். நட்புக்காக இல்லை. அவன் விழுந்தால் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்போது நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

கோயில் மேடையில் இரண்டு டியூப்லைட், நான்கு கலர் விளக்கு. என்னிடம் இருந்தது குடும்பத்தோடு ஊட்டி போனபோது வாங்கிய சாதாரணக் கேமரா, அதோடு பெட்டியிலேயே வந்த லென்ஸ். எல்லாவற்றையும் கேமராவே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ மோடில் வைத்துவிட்டு, பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவன் விழவில்லை. எப்படி ஆடினான் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது கேமராவின் பின்பக்கத்தை.

மறுநாள் லேப்டாப்பில் படங்களை அவனுக்குக் காட்டினேன். வெளிச்சம் போதாததால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் நெடுநேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் அவன் கை எங்கெங்கோ போய்விட்டது. ஒரு படத்திலும் அவனுக்குக் கை இல்லை. முழங்கைக்குக் கீழே புகை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஊதா நிறத்தில் ஒரு உருண்டை. எல்லாப் படத்திலும் தெளிவாக இருந்தது பின்னால் மாட்டியிருந்த நகைக்கடை விளம்பரம்தான்.

அவன் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தான். "நான் ஆடுனேனான்னே தெரியலியேண்ணே," என்றான்.

"கேமரா பழசுப்பா," என்றேன். உடனே, ஒரு நொடி கூடத் தயங்காமல் சொன்னேன். மீட்டரை மாற்றுகிற புத்தி.

அந்த ஞாயிறு டீக்கடையில் தலைவரிடம் படங்களைக் காட்டினேன். அவர் பார்த்தது படத்தை இல்லை, படத்தில் இருந்தவனை. "இது யாரு? மைன்ஸ்ல இருக்கறவரா? இவரா டான்ஸ்?" மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு. நான் கேன்டீனில் சிரித்த அதே சிரிப்புதான். ஆனால் அவர்கள் சிரித்தபோது எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. அடுத்தவன் வாயில் கேட்கும்போதுதான் அது எவ்வளவு மலிவான சத்தம் என்று தெரிகிறது. தெரிந்தும் நான் அடுத்த படத்தைத் தள்ளிக் காட்டினேன். எனக்கு அவரிடம் ஒரு யோசனை வேண்டியிருந்தது.

"ஃபர்ஸ்ட் கேமரா பாடிய அப்கிரேட் பண்ணுங்க," என்றார் தலைவர். "லோ லைட்டுன்னா ஃபுல் ஃப்ரேம் கேமரா தான். இந்தப் பொம்மைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க. நான் புதுசு வாங்கிட்டேன். என்னோட பழசு சும்மாதான் இருக்கு. உங்களுக்குன்னா தரேன். கூடவே ஒரு ஜூமும் தரேன். நானூறு எம்.எம். வரைக்கும் போகும்."

அவர் சொன்ன விலைக்கு வாங்கினேன். அது எவ்வளவு என்று இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு வாரம் அந்தக் கேமராவைத் துடைத்துத் துடைத்து மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் என் பையைத் திறந்து வைத்தேன். இரண்டு பேர் கையில் வாங்கிப் பார்த்து, "நல்ல கனம்," என்றார்கள். பெருமையாக இருந்தது. நான் எவரை இகழ்ந்துகொண்டிருந்தேனோ அவர்கள் தலையாட்டியதற்காக ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

பொங்கல் விழாவில் அவன் மறுபடி ஆடினான். இந்த முறை அரங்கம், பின்னால் கறுப்புத் திரை. புதுக் கேமரா. அதே ஆட்டோ. மேடை முழுக்கக் கறுப்பாக இருப்பதைப் பார்த்த கேமரா, ஏதோ குறைகிறது என்று நினைத்து வெளிச்சத்தை அள்ளிப் போட்டது. திரை சாம்பலாக வந்தது. அவன் முகம் மாவு பூசியது போல வெளுத்து, கண்ணும் மூக்கும் கரைந்துபோயின. கை மறுபடியும் புகை. முன்பு சின்னதாக இருந்த குப்பை இப்போது பெரிதாக்கிப் பார்த்தாலும் உடையாத உயர்தரக் குப்பையாக இருந்தது.

அவன் கடைசிப் படம் வரை பார்த்தான். "டீ சாப்பிடலாமாண்ணே," என்றான். அது என்னைக் குத்தியது.

குள்ளஞ்சாவடி முனையில் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. நடத்துகிறவர் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். சுற்றுவட்டாரத்து மாதா கோயில் திருவிழா, தேர்ப் பவனி, கல்யாணம் எல்லாம் அவர்தான். டீக்கடைக்கூட்டம் அவரைப் பற்றிப் பேசும்போது "கல்யாண போட்டோகிராபர்" என்பார்கள், சமையல்காரர் என்று சொல்வது போன்ற தொனியில். கடலூர் போய்த் திரும்பும்போது, பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு பொய் சொல்லிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினேன். உள்ளே சுவரில் ஒரு படம். இரவுப் பவனி, நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்தி, முன்னால் ஒரு கிழவர் பாடிக்கொண்டு வருகிறார். வேறு விளக்கே இல்லை. கிழவரின் பல் இடுக்கு வரை தெரிகிறது.

"இது எந்தக் கேமராவில எடுத்தீங்க?" என்று கேட்டேன். அதுதான் என் முதல் கேள்வி.

அவர் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். ஓரத்தில் ரப்பர் உரிந்து, டேப் சுற்றியிருந்தது. என்னுடையதைவிட இரண்டு தலைமுறை பழையது. நான் என் பையைத் திறந்து என் கேமராவையும் படங்களையும் காட்டினேன். படங்களை வேகமாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றி, ஜன்னல் பக்கம் திருப்பி, விளிம்பில் எழுதியிருந்த எண்ணைப் படித்தார்.

"கேமரா நல்ல கேமரா தாங்க. முன்னாடி மாட்டிக்கினு இருக்கீங்களே, இது வெயில்ல கொக்கு எடுக்கற லென்ஸு. நீளமா இருக்குது, ஆனா வாய தொறக்க மாட்டேங்குது. இருட்டுல இது குருடுங்க. யாரு குடுத்தாங்க இத?"

சொன்னேன்.

"அவுரு கொக்கு எடுக்கறாரா?"

"மீன்கொத்தி."

"அதான்," என்றார். சிரிக்கக்கூட இல்லை.

அலமாரியிலிருந்து ஒரு குட்டை லென்ஸை எடுத்தார். எண்பத்தைந்து மில்லிமீட்டர். ஜூம் கிடையாது, கிட்டப் போக வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். ஆனால் என் ஜூமைவிடப் பத்துப் பங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதை என் கேமராவில் மாட்டி, ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் திருப்பினார்.

"டான்ஸ் ஆடறவங்க கைய புடிக்கணும்னா ஷட்டர் வேகம் இருநூத்தம்பதுக்குக் கீழ வரக் கூடாதுங்க. வேகமா ஆடுனா இன்னும் ஏத்துங்க. அத மொதல்ல வச்சிடுங்க. அப்புறம் லென்ஸ முழுசா தொறந்து வுடுங்க. அப்பயும் இருட்டா இருந்தா ஐ.எஸ்.ஓ. ஏத்துங்க, கொஞ்ச வெளிச்சத்துலயே படம் வுழும். மூஞ்சிய பாத்து ஏத்துங்க, மேடைய பாத்து இல்ல. திரை கறுப்பாவே போவட்டும், அது திரைதான."

"ஐ.எஸ்.ஓ. ஏத்துனா புள்ளி புள்ளியா வருமே. நாய்ஸ் இருக்குன்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க?"

நான் சுவரில் இருந்த கிழவரைப் பார்த்தேன்.

"வரட்டுங்க. புள்ளி இருந்தாலும் மூஞ்சி இருக்கும். கை ஆடிப்போச்சுன்னா அப்புறம் எந்தக் கம்ப்யூட்டர்ல வச்சு கொண்டாருவீங்க?" என்றார். பிறகு கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, "ரிகர்சலுக்குப் போனீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. எதுக்கு?"

அப்போதுதான் அவர் முதல்முறையாக என்னை முழுதாகப் பார்த்தார். நான் டீக்கடைக்காரர்களைப் பார்க்கும் அதே பார்வை. "பூசையில ஃபாதர் அப்பத்த ஒரு தடவதான் தூக்குவாரு. எப்ப தூக்குவாருன்னு எனக்குத் தெரியும், அதான் எனக்குப் படம் வுழுது. அவுரு எந்த எடத்துல நிப்பாருன்னே தெரியாம நீங்க என்னாங்க எடுப்பீங்க?"

லென்ஸை விலைக்குக் கேட்டேன். தர மாட்டேன் என்றார். கொஞ்ச நாள் வைத்துப் பாருங்கள், பிடித்தால் நீங்களே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் வேறு எதையும் வாங்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொள்ளாமலே பஸ் ஏறினேன்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டுத்தான் வகுப்பு நடக்கும். ஆகஸ்டில் அவனுக்கு அரங்கேற்றம் என்று முடிவாகியிருந்தது. முதல் ஷிப்ட் முடிந்து, குளித்துவிட்டு வருவான். குளித்தாலும் காது மடலில் கரித்தூள் இருக்கும். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கேமராவை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பேன். டீச்சருக்கு அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. ஆனாலும் அவனிடம் இரக்கமே கிடையாது.

"உக்காருங்க. இன்னும் உக்காருங்க. அது அரைமண்டி இல்ல, பஸ்ஸுக்கு நிக்கறது. முட்டி ரெண்டு பக்கமும் போகட்டும்."

"போவல டீச்சர்."

"நான் எழுந்து வந்தா போகும்."

முதல் இரண்டு வாரம் எனக்கு எல்லாமே ஒன்று போலத்தான் தெரிந்தது. மூன்றாவது வாரத்தில் ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு ஜதியும் முடியும்போது ஒரே அடவுக் கோவை மூன்று முறை வருகிறது. மூன்றாவது முறையின் கடைசித் தட்டில் அவன் உடம்பு அப்படியே நிற்கிறது. கால் நொடிதான். ஆனால் அந்தக் கால் நொடியில் கை, கண், கழுத்து எல்லாமே வந்து சேர்ந்துவிடுகின்றன. குதிக்கும்போதும் அப்படித்தான். ஏறி முடித்து இறங்க ஆரம்பிப்பதற்கு நடுவில் ஒரு சின்ன நிற்றல். அதைப் பார்த்த பிறகு அழுத்தினால் தாமதமாகிவிடும். மூன்றாவது முறை வருகிறது என்று தெரிந்து, கொஞ்சம் முன்னாலேயே அழுத்த வேண்டும். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். கேன்டீனில் என்னோடு சிரித்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. எட்டு மணி நேரம் அந்த எந்திரத்தில் குலுங்கிவிட்டு வந்து, ஒன்றரை மணி நேரம் பாதி உட்கார்ந்த நிலையில் ஒருவன் காலைத் தட்டுகிறான். ஒருநாள் நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த அரைமண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். இருபது வரைகூட எண்ண முடியவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அரங்கேற்றத்துக்கு விளக்குப் போட வடலூரிலிருந்து ஒருவர் வந்தார். முதல் நாள் ஒத்திகையில் அவர் பச்சை, சிவப்பு, ஊதா என்று மாற்றி மாற்றி அடித்தார். நண்பன் ஒரு நொடி கீரை நிறத்திலும் மறு நொடி பீட்ரூட் நிறத்திலும் நின்றான். நான் போய், முன்னாலிருந்து மஞ்சள் கலந்த வெள்ளை விளக்கு மட்டும் போதும் என்றேன்.

"கலர் இல்லன்னா சாவு வூடு மாதிரி இருக்கும் சார். ஜனம் காரித் துப்பும்."

"மூஞ்சியில வேணாம். பின்னாடி திரையில உங்க இஷ்டம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டீச்சர் அங்கிருந்தே, "அவர் சொல்றபடி போடுங்க," என்று சொன்னதும், முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். முகத்தில் வெள்ளை, திரையில் அவருடைய கலைத்தாகம். என் கேமராவுக்கு நான் செய்த எல்லா அப்கிரேடிலும் இதுதான் பெரியது. இதற்கு விலை ஒரு டீயும் இரண்டு வடையும்.

விழா மாலை ஆறு மணிக்கு. அரங்கம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் நடனம் பார்க்க வந்தவர்கள், பாதிப் பேர் தொப்பை பார்க்க வந்தவர்கள். அவன் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய அதிகாரி என்பதால் எங்கள் தலைவரும் வந்திருந்தார். மூன்று பேர் அவருடைய பையைத் தூக்கி வந்தார்கள். மேடைக்கு முன்னால் நடுவில் ஸ்டாண்டை விரித்து நின்றார். முன்வரிசைக் குழந்தைகள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் இடது ஓரத்தில், சுவரோடு சுவராக, குட்டை லென்ஸோடு நின்றேன்.

என்னைப் பார்த்ததும், "ஜூம் எங்க?" என்றார்.

"வீட்ல இருக்கு."

"வேஸ்ட்," என்றார்.

முதல் இரண்டு உருப்படி நன்றாகப் போயின. மூன்றாவது வர்ணம். நீளமானது, முக்கால் மணி நேரம் போகும். அவன் ஜதியின் வேகத்தில் முன்னால் வந்தபோது தலைவரின் ஃபிளாஷ் நேராக அவன் கண்ணில் அடித்தது. ஒன்றில்லை, தொடர்ந்து நாலைந்து. அவன் கண்ணை மூடினான். கால் ஒரு தட்டு பிசகி, சலங்கை தாளத்தை விட்டு வெளியே ஒலித்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அதற்காகவே வந்தவர்கள்.

டீச்சர் தட்டுக்கழியை நிறுத்தினார். மிருதங்கம் நின்றது. மைக்கில், குரலை உயர்த்தாமல், "ஃபிளாஷ் போடறவங்க நிறுத்தினதுக்கு அப்புறம் ஆரம்பிக்கலாம்," என்றார்.

அரங்கம் முழுவதும் ஒருவரையே பார்த்தது. தலைவர் திரும்பி, வேறு யார் அந்த ஆள் என்று தேடுவது போலத் தனக்குப் பின்னால் பார்த்தார். இத்தனை வருடம் கோப்புகளை அடுத்த மேஜைக்குத் தள்ளியே பழகிய கழுத்து. பின்னால் குழந்தைகள்தான் இருந்தன. ஃபிளாஷைக் கழற்றிப் பையில் போட்டார். போட்டுவிட்டு, புதுக் கேமராவில் சத்தமே வராத ஏதோ ஒன்றுக்கு மாற்றி, மறுபடியும் அதே இடத்தில் நின்று வேலையை ஆரம்பித்தார்.

நண்பன் மேடையில் தனியாக நின்றிருந்தான். மூச்சு வாங்கியது. டீச்சர் அவனைப் பார்த்து, "முதல்ல இருந்து," என்றார். அவன் தலையாட்டினான். முதலிலிருந்து ஆடினான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பத்து நிமிடம் போன பிறகு, சிரிக்க வந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். நான் பாதி நேரம் கேமராவைக் கீழே இறக்கியிருந்தேன். மூன்றாவது முறை வரும்போது மட்டும் தூக்கினேன். இரண்டரை மணி நேரத்தில் நூற்று நாற்பது படம் எடுத்தேன். தலைவர் நாலாயிரம் எடுத்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டார்.

அந்த நாலாயிரத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். சத்தம் வராத அந்த முறையில் எடுத்தால், எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பது படத்தில் பட்டை பட்டையாக விழும். அவருடைய படங்கள் எல்லாவற்றிலும் குறுக்கே வரி. நண்பன் புலி வேஷம் கட்டியது போல இருந்தான். ஃபிளாஷ் போட்டு எடுத்த நாலைந்து மட்டும் பளிச்சென்று இருந்தன. அவற்றில் ஒன்று, கண்ணை மூடி, வாய் கோணி, கால் பிசகிய அந்த நொடி. அதைத்தான் தலைவர் டீக்கடை வாட்ஸாப் குழுவில் போட்டார். "ஷார்ப்," என்று கீழே எழுதினார். ஐந்து பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

நான் குழுவை விட்டு வெளியேறினேன். அதற்கு முன்னால் ஏதாவது எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. ஷார்ப்பாக இருப்பது மட்டுமே தெரிந்த ஆளுக்கு எதை எழுதி எதைப் புரிய வைப்பது.

என் நூற்று நாற்பதில் பதினொன்று தேறின. பதினொன்றும் உண்மையாகவே நன்றாக இருந்தன. புள்ளி இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் கை கையாக இருந்தது. விரல் நுனி வரை எண்ணலாம். ஒன்றில் அவன் கடைக்கண் எங்கேயோ பார்க்கிறது. கழுத்தில் வியர்வை, காது மடலில் அந்தக் கரித்தூள்கூடத் தெரிகிறது. அதை எடுத்தபோது என் கை நடுங்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய கர்வம். பதினொன்றையும் பெரிதாக அச்சுப் போட்டு, ஒரு உறையில் வைத்து, அவன் குவார்ட்டர்ஸுக்கு எடுத்துப் போனேன். அவன் கண் கலங்கும், என் கையைப் பிடித்துக்கொள்வான் என்று போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

அவன் படங்களைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாகப் பரப்பினான். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினான். நான் கர்வப்பட்ட அந்தப் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு ஓரமாக வைத்தான். முழு உடம்பு தெரிகிற நாலு படங்களை மட்டும் கிட்டத்தில் இழுத்துக் குனிந்து பார்த்தான்.

"பாருண்ணே," என்றான். "இதுலயும் முட்டி போவல. இதுல பாரு, வலது பக்கம் போயிருக்குது, எடது பக்கம் அப்படியே நிக்குது. நாலு வருசமா டீச்சர் கத்திக்கினு இருக்காங்க. எனக்கு சமமாத்தான் உக்காந்த மாதிரி இருந்துது. இப்பத்தான் தெரியுது."

"மத்த படம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குதுண்ணே," என்றான், மரியாதைக்கு. கண் மறுபடியும் முட்டிக்குப் போய்விட்டது. "மூஞ்சி எனக்கெதுக்கு, தெரிஞ்ச மூஞ்சிதான. இந்த மாதிரி கால் தெரியற மாதிரி இன்னும் எடுத்துத் தர்றியா? வகுப்புலயே எடு. பின்னாடி இருந்தும் ரெண்டு."

அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். மேஜையில் இடமில்லாததால் என் கர்வத்தின் மேலேயே தம்ளரை வைக்கப் போனார். நான் படத்தை உருவிக்கொண்டேன்.

இரவல் லென்ஸைக் குள்ளஞ்சாவடியில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே போல ஒன்று நானே வாங்கினேன். ஜூம் அலமாரியில் கிடக்கிறது. தலைவர் அதற்குள் இன்னொரு கேமரா வாங்கிவிட்டார். இது எவ்வளவு இருட்டிலும் எடுக்குமாம். பழசு சும்மாதான் இருக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள் என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். நான் படித்தேன் என்பது அவருக்குத் தெரிகிற மாதிரி படித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சாயங்காலம் டீச்சர் வீட்டுக் கூடத்தில் தரையோடு தரையாகப் படுத்து அவனுடைய முட்டியைப் படம் எடுக்கிறேன். எடுத்ததை அங்கேயே டீச்சரும் அவனும் சின்னத் திரையில் குனிந்து பார்த்து வாதம் செய்கிறார்கள். ஷட்டர் என்ன, லென்ஸ் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. போன வாரம் இடது முட்டி விரலளவு நகர்ந்திருந்தது. டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது கேமரா கோணமா இருக்கும்," என்றார்.